ஆட்டுக்கு ஒரு ஜாதகம்

பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது நாம் என்னென்ன விசாரிக்கிறோம்! படிப்பு, உத்தியோகம், சம்பளம், சொந்த வீடு, வருங்கால மாமியாரின் சுபாவம், எல்லாம் விசாரிக்கிறோம். ஜாதகத்தை எடுத்துக் கொண்டு போய்ப் பத்துப் பொருத்தமும் பார்க்கிறோம். ஆனால், "உங்கள் குடும்பத்தில் நீரிழிவு யார் யாருக்கு? இழுப்பு யாருக்காவது உண்டா?" என்று சம்பந்தி வீட்டாரைப் பார்த்துக் கேட்கிற துணிச்சல் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது? கேட்டால், குடித்துக் கொண்டிருக்கும் காபியைப் பாதியில் வைத்துவிட்டு அவர்கள் எழுந்து போய்விட மாட்டார்களா?

மனிதர்களிடம் கேட்கக் கூச்சப்படுகிற அந்தக் கேள்வியை நான் 2023-ஆம் வருஷத்து ஐப்பசியிலிருந்து ஆடுகளிடம் கேட்டு வருகிறேன். சிரிக்க வேண்டாம். ஆடுகள் ஒளிவு மறைவில்லாமல் பதில் சொல்கின்றன. அந்தப் பதில்களை நோட்டில் எழுதி வைப்பது, பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எனக்கு இப்போது ஒரு உத்தியோகம் மாதிரி ஆகிவிட்டது. சம்பளம் கிடையாது; அவ்வப்போது ஒரு சொம்பு மோர் உண்டு.

எங்கள் ஊர் கீழவாஞ்சூர். நாகூர் தர்காவின் மினாராக்களை முதுகுப் பக்கம் விட்டுவிட்டு வடக்கே நடந்தால், தமிழ்நாடு முடிந்து காரைக்கால் பகுதி ஆரம்பமாகிற இடத்தில் எங்கள் ஊர் வந்துவிடும். 1954-ஆம் வருஷம் நவம்பர் முதல் தேதி வரையில் இது பிரெஞ்சுக்காரர்களின் சீமை. இன்றைக்கு ஊர்ப் பெயரைச் சொன்னால் சில ஆண்பிள்ளைகளின் முகத்தில் ஒரு மலர்ச்சி தோன்றும். எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் மதுக்கடைகளை நினைத்துக் கொள்கிறார்களே ஒழிய எங்களை அல்ல! 2009-ல் இயங்கத் தொடங்கிய துறைமுகத்தால் ஊருக்கு வேறொரு பெயரும் வந்திருக்கிறது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வயல், நடுவில் மணலும் முள்ளுமாகக் கிடக்கும் புறம்போக்கு. அந்தப் புறம்போக்கில்தான் நம்முடைய கதாநாயகர்கள் மேய்கிறார்கள்.

அவை பக்கத்துத் தோட்டத்து அக்காவின் செம்மறிகள். எங்கள் வேலிக்கு அந்தப் பக்கந்தான் அவள் பட்டி. பழுப்பு உடம்பும் கறுத்த அடிவயிறுமாகப் பெரும்பாலானவை கீழக்கரிசல் சாயல் உள்ளவை. அறுவடைக்குப் பின் இராமநாதபுரத்துப் பக்கமிருந்து கீதாரிகள் மந்தை மந்தையாக ஆடுகளை ஓட்டிக் கொண்டு டெல்டாவில் கிடை போட வருவார்கள். அப்படி வந்த ஒரு கூட்டத்தினிடம் அக்காவின் கணவர் வாங்கிய நான்கு பெட்டைகளின் சந்ததிதான் இவை. கணவர் காலமாகிவிட்டார். பெண் ஒருத்தி நர்ஸ் படிப்புப் படிக்கிறாள். பதினேழு ஆடுகளும் அந்தப் பெண்ணின் படிப்பும் அக்காவின் இரண்டு கைகளில் இருக்கின்றன.

இந்தக் கரையில் ஆட்டுக்கு எமன் வருகிற மாதங்கள் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. மழை விடாமல் பெய்யும். புல் பச்சைப் பசேலென்று கிளம்பும். பட்டணத்திலிருந்து வருகிறவர்கள், "ஆகா, ஆடுகளுக்கு நல்ல வேட்டை!" என்பார்கள். அந்தப் பச்சையில்தான் ஆபத்து இருக்கிறது. ஆட்டின் நாலாவது வயிற்றில் ஒரு புழு குடியிருக்கிறது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளம். இரத்தம் நிறைந்த சிவப்புக் குடலும் வெள்ளைக் கருப்பையும் ஒன்றை ஒன்று சுற்றிக் கொண்டிருப்பதால், முறுக்கின இரண்டு நிறக் கயிறு மாதிரி இருக்கும். ஒரு பெண் புழு நாளொன்றுக்கு ஐயாயிரம் முட்டைக்குக் குறையாமல் இடும். புழுக்கையோடு தரையில் விழும் முட்டை பொரிந்து, ஈரமான புல்நுனியில் ஏறிக் காத்துக் கொண்டிருக்கும். அடுத்த ஆடு அந்தப் புல்லைக் கடித்தால் சுமார் மூன்று வாரத்தில் மறுபடியும் முட்டை!

ஒரு புழு ஒரு நாளில் குடிக்கிற இரத்தம் ஒரு மில்லி லிட்டரில் இருபதில் ஒரு பங்குதான். ஐயாயிரம் புழு சேர்ந்தால்? கால் லிட்டர்! முப்பது கிலோ ஆடு அதற்கு எங்கே போகும்? கண் வெளுக்கும், தாடைக்குக் கீழே பை தொங்குவது போல நீர் கோத்துக் கொள்ளும், ஒரு நாள் காலையில் எழுந்திருக்காது. "நேத்து ராத்திரி நல்லாத்தான் டீச்சர் இருந்துச்சு" என்று அக்கா எத்தனையோ தரம் என்னிடம் வந்து அழுதிருக்கிறாள்.

மருந்து இல்லையா என்பீர்கள். இருக்கிறது. மழைக்காலம் வந்தால் எல்லா ஆட்டுக்கும் வரிசையாக வாயில் ஊற்றுவதுதான் வழக்கமாக இருந்தது. ஆனால் மருந்தை எல்லா ஆட்டுக்கும் அடிக்கடி ஊற்ற ஊற்ற, அதற்குச் சாகாத புழுக்கள் மட்டும் பிழைத்துப் பெருகுகின்றன. ஒரு காலத்தில் கண்கண்ட தெய்வமாக இருந்த மருந்துகள் உலகத்தின் பல பாகங்களில், நம் தேசத்திலும், பல மந்தைகளில் பலிக்காமல் போயிருக்கின்றன. காய்ச்சல் மாத்திரையை வாரா வாரம் வீட்டிலுள்ள எல்லோருக்கும் கொடுத்துக் கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நாள் அக்காவின் பட்டிக்கு ஒரு கால்நடை டாக்டரம்மா வந்திருந்தார். கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். அதில் ஐந்து கண்களின் படம். முதல் கண்ணின் உட்பக்கம் நல்ல சிவப்பு. அப்படியே படிப்படியாக வெளுத்துக் கொண்டு வந்து, ஐந்தாவது கண் காகிதம் போல வெள்ளை. தென்னாப்பிரிக்காவில் ஃபாஃபா மாலன் என்ற கால்நடை மருத்துவரின் யோசனையில் பிறந்த அட்டை இது. அதனால் 'ஃபமாச்சா' என்று அவர் பெயரின் எழுத்துக்களைக் கோத்தே பெயர் வைத்துவிட்டார்கள். ஆட்டை வெளிச்சத்தில் நிறுத்தி, மேல் இமையைக் கட்டை விரலால் மெதுவாக அழுத்தி, கீழ் இமையை இழுத்தால் உள்ளே உள்ள நிறம் தெரியும். அட்டையோடு ஒத்துப் பார்க்க வேண்டும். நாலும் ஐந்தும் என்றால் மருந்து. ஒன்றும் இரண்டும் என்றால் வேண்டாம். மூன்று என்றால் குட்டியா, சினையா, மெலிந்ததா என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

"ஞாபகத்தில் நிறத்தை வைத்துக் கொண்டு சொல்லக்கூடாது" என்று டாக்டரம்மா கண்டித்துச் சொன்னார். புடவைக்கு ஏற்ற ரவிக்கைத் துணி வாங்கக் கடைக்குப் புடவையை எடுத்துக் கொண்டு போகாமல் மனத்திலேயே நிறத்தைச் சுமந்து போய்விட்டு, வீட்டுக்கு வந்து விழித்த அனுபவம் உங்களுக்கும் இருக்குமே? அதனால்தான் அட்டை.

அக்காவுக்கு முதலில் இது பிடிக்கவில்லை. "எல்லாத்துக்கும் ஊத்திட்டா நிம்மதி. இதுல ஆளுக்கு ஒரு நிறம் பார்த்து, எழுத வேற எழுதணுமா?" என்றாள். டாக்டரம்மா சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடித்தது: "எல்லாத்துக்கும் ஊத்திட்டீங்கன்னா எது நல்ல ஆடுன்னு உங்களுக்குத் தெரியவே தெரியாது அம்மா."

யோசித்துப் பாருங்கள். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் நானே பரீட்சையை எழுதிக் கொடுத்துவிட்டால், யார் படித்தவன், யார் படிக்காதவன் என்று எப்படித் தெரியும்? ஒரே மழை, ஒரே புல், ஒரே பட்டி. அதில் ஓர் ஆடு மூன்று தரம் மருந்து கேட்கிறது. இன்னொன்று ஒரு தரங்கூடக் கேட்கவில்லை. இந்த வித்தியாசம் தற்செயலாக வருகிறதில்லை. பிறவியிலேயே ஓரளவு இருக்கிறது. புழுக்கையில் புழுமுட்டைகளை எண்ணிப் பார்த்த விஞ்ஞானிகள், ஆட்டுக்கு ஆடு காணும் வேறுபாட்டில் ஏறக்குறைய நூற்றுக்கு 20 முதல் 30 பங்கு தாய் தகப்பன் வழியில் வருவது என்கிறார்கள். மற்றதெல்லாம் தீனி, வயது, அதிர்ஷ்டம். 20 பங்குதானா என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம். நல்ல கிடாவைத் தேர்ந்து கொண்டே போனால் வட்டிக்கு வட்டி சேருகிற மாதிரி தலைமுறைதோறும் அது சேரும்.

முட்டையை எண்ணுவது என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்கென்றே ஒரு கண்ணாடிச் சில்லு இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து மக்மாஸ்டர் ஆராய்ச்சிக் கூடத்தில் கார்டன், விட்லாக் என்ற இருவர் 1939-ல் வெளியிட்ட முறை அது. புழுக்கையை உப்புக் கரைசலில் கலக்கினால் முட்டைகள் மேலே மிதந்து வரும். கட்டம் போட்ட சில்லில் விட்டு மைக்ராஸ்கோப்பில் எண்ண வேண்டியதுதான். இன்றைக்கும் ஆய்வுக் கூடங்களில் அந்தச் சில்லுக்கு மக்மாஸ்டர் என்றுதான் பெயர். எங்களிடம் மைக்ராஸ்கோப் ஏது? கண்ணும் அட்டையும் நோட்டும் போதும் என்று ஆரம்பித்தோம்.

ஆரம்பித்த உடனே ஒரு சங்கடம். எழுதுவதற்கு ஆட்டுக்குப் பெயர் வேண்டாமா? அக்காவுக்கு ஒவ்வொன்றும் முகம் பார்த்தே தெரியும். எனக்கு எல்லாம் ஒரே முகம். கீதாரிகள் காதில் கிழித்து அடையாளம் வைப்பார்கள். பெட்டைக்கு அது சரி. கிடாவுக்கு அக்கா ஒப்பவில்லை. பக்ரீத் சமயத்தில் குர்பானிக்கு வாங்குகிறவர்கள் அங்கக் குறை இல்லாத கிடாவைத்தான் பார்த்து எடுப்பார்கள்; காது கிழிந்ததென்றால் தயங்குவார்கள், விலை இறங்கிவிடும். ஆகவே பெட்டைக்குக் காதில் வெட்டு, கிடாவுக்குக் கழுத்துக் கயிற்றில் எண் போட்ட அலுமினியத் தகடு என்று தீர்மானம் ஆயிற்று. தகடு அக்காவின் பழைய டபரா மூடியிலிருந்து வெட்டியது.

நோட்டில் ஒவ்வோர் ஆட்டுக்கும் ஒரு பக்கம். மேலே தாய் யார், தகப்பன் யார், பிறந்த தேதி, தனிக் குட்டியா இரட்டையா. கீழே பதினைந்து நாளுக்கு ஒரு தரம் கண் நிறம், மருந்து கொடுத்தோமா, எடை. எடை பார்ப்பது ஒரு வேடிக்கை. புளிய மரக் கிளையில் ஸ்பிரிங் தராசைத் தொங்கவிட்டு, அதில் பழைய புடவையால் தூளி கட்டி, குட்டியை அதில் போட்டுவிடுவோம். குழந்தைக்குத் தாலாட்டுப் பாடுகிற மாதிரி அக்கா அதட்டிக் கொண்டே பிடித்துக் கொள்வாள். பெரிய ஆடுகளை அப்படித் தூக்க முடியாது. மார்புச் சுற்றளவை அளந்து கொள்வோம். இருமல், கழிச்சல், கால் தாங்குதல், மடி வீக்கம், இவற்றுக்கும் ஒரு மூலையில் இடம் உண்டு. செத்துப் போனால் அதையும், எதனால் என்று தெரிந்தவரையில், எழுத வேண்டும். செத்த ஆட்டின் பக்கத்தைக் கிழித்துப் போடக்கூடாது என்பது டாக்டரம்மாவின் உத்தரவு. அதன் பிள்ளைகள் உயிரோடு இருக்கின்றனவே!

முதல் மழைக்காலம் முடிந்தபோது நோட்டைப் புரட்டிப் பார்த்தோம். பதினேழில் நாலைந்து ஆடுகளே திரும்பத் திரும்ப மருந்து கேட்டிருந்தன. இது எங்கள் பட்டியின் விசேஷமன்று. எந்த மந்தையிலும் புழுவில் பெரும்பகுதி சில ஆடுகளிடந்தான் சேர்ந்திருக்கும் என்கிறார்கள்.

அந்த நாலைந்தில் ஒன்று, அக்காவின் செல்லமான ஒரு பெட்டை. வருஷந் தவறாமல் குட்டி போடுகிறவள், நல்ல பால்காரி. மார்கழியில் அவள் கண் வெள்ளைத் தாளாக இருந்தது. "இவளைக் கழிக்கணுமா டீச்சர்?" என்று அக்கா கேட்டபோது குரல் கம்மியிருந்தது. நான் டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். அவர் முதலில் கேட்டது, "குட்டி போட்டு எத்தனை நாள்?" என்பது. பதினெட்டு நாள்.

இது நம் பெண்கள் எல்லோரும் தெரிந்து கொள்ள வேண்டிய விஷயம். குட்டி போடுகிற சமயத்திலும் பால் கொடுக்கும் முதல் வாரங்களிலும் தாய் ஆட்டின் எதிர்ப்புச் சக்தி இறங்கிவிடும். அடங்கிக் கிடந்த புழுவெல்லாம் தலையெடுக்கும். உடம்பின் பலமெல்லாம் பாலுக்குப் போகிறபோது தன்னைக் காத்துக் கொள்ள மிச்சம் ஏது? ஆகையால் பெற்றவளைப் பெறாதவளோடு ஒப்பிட்டு மார்க் போடக்கூடாது. பெற்றவளைப் பெற்றவளோடுதான் ஒப்பிட வேண்டும். அதிலும் இரட்டை பெற்றவளுக்குத் தனிச் சலுகை. இந்த நியாயம் ஆட்டுப் பட்டியில் இருக்கிறது. நம் வீடுகளில் இருக்கிறதா என்று நான் கேட்கப் போவதில்லை. செல்லம் தப்பித்தாள். நோட்டில் 'பால் கொடுப்பவள்' என்று ஒரு புது வரிசை சேர்ந்தது.

இன்னொரு நுட்பமும் உண்டு. வயிற்றில் புழுவே தங்க விடாத ஆடு ஒரு ஜாதி. புழுவை வைத்துக் கொண்டே சமாளித்துத் திரிகிற ஆடு இன்னொரு ஜாதி. பார்வைக்கு இரண்டின் கண்ணும் சிவப்பாகத்தான் இருக்கும். வீட்டில் ஒருத்திக்கு ஜலதோஷமே பிடிப்பதில்லை; இன்னொருத்தி மூக்கைச் சிந்திக் கொண்டே சமைத்துப் போட்டு வீடு முழுவதற்கும் ஜலதோஷத்தைப் பரிமாறி விடுகிறாள். இரண்டு பேரும் படுப்பதில்லைதான். ஆனால் வித்தியாசம் இல்லையா? இதைக் கண்டுபிடிக்கத்தான் முட்டையை எண்ண வேண்டும். எங்கள் கிடாவின் புழுக்கையைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு டாக்டரம்மாவிடம் கொடுத்து எண்ணிப் பார்க்கச் சொன்னோம்.

'எங்கள் கிடா' என்றேன் அல்லவா? கதை இப்போதுதான் சூடு பிடிக்கிறது.

தகடு எண் ஏழு. 2023 தை மாதத்தில் பிறந்தவன். அந்த வருஷத்து மழை முழுதும் ஒரு தரங்கூட மருந்து கேட்கவில்லை. கண் ஒன்றும் இரண்டுமாகவே நின்றது. அவன் தாயும் அப்படியே. முட்டை எண்ணிக்கையும் பட்டியிலேயே குறைவு என்று செய்தி வந்தது. அதோடு ஆள் பார்க்க ராஜா! அகன்ற மார்பு, பளபளக்கும் பழுப்பு, கறுத்த அடிவயிறு.

2024 ஜூன் மாதம் பக்ரீத். பத்து நாளைக்கு முன்னால் நாகூரிலிருந்து வழக்கமாக வருகிற பாய் வந்தார். அக்காவின் ஆடுகளை வருஷக்கணக்கில் வாங்குகிறவர், நியாயமான மனிதர். ஏழாம் நம்பரைச் சுற்றி ஒரு வலம் வந்தார். "அக்கா, மத்ததைப் பத்திப் பேச்சே வேணாம். இவனுக்குப் பதினெட்டாயிரம் தர்றேன்" என்றார்.

பெண்ணின் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம் அடுத்தது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் நோட்டைப் பார்த்தேன். என் பேச்சைக் கேட்டு அவள் பணத்தை விட்டுவிட்டு, நாளைக்கு அந்தக் கிடாவை நாய் கடித்தாலோ லாரி அடித்தாலோ யார் பதில் சொல்வது? ஓய்வூதியம் வாங்கிக் கொண்டு யோசனை சொல்வது எளிது.

நம் ஊர்ப் பட்டிகளில் காலங்காலமாக நடப்பது இதுதான். வேகமாக வளர்கிற, நோய் நொடி இல்லாத, பார்வையான கிடா எதுவோ அதற்குத்தான் முதல் விலை வருகிறது. அது போய்விடும். விலை போகாமல் பின்தங்கிய நோஞ்சான் பட்டியில் நின்று மாப்பிள்ளை ஆகிறான்! ஒரு பெட்டை ஆயுளில் சில குட்டிகளைத்தான் தருவாள். கிடாவோ ஒரே வருஷத்தில் பட்டியிலுள்ள அத்தனை குட்டிகளுக்கும் பாதி இரத்தம் கொடுக்கிறவன். அவனைத் தேர்வதில் நம்முடைய முறை, பரீட்சையில் கடைசி மார்க் வாங்கினவனுக்கு வாத்தியார் வேலை கொடுக்கிற மாதிரி இருக்கிறது.

இங்கிலாந்தில் லெஸ்டர் பக்கத்து ராபர்ட் பேக்வெல் என்பவர் (1725–1795) இதற்கு ஒரு தந்திரம் செய்தார். நல்ல கிடாக்களை விற்காமல் பருவத்துக்குப் பருவம் வாடகைக்கு விட்டார். வாடகையும் வந்தது, ஊரெல்லாம் பிறந்த குட்டிகளைப் பார்த்து எந்தக் கிடா உயர்ந்தது என்று தெரிந்து கொள்ளவும் முடிந்தது. சிறந்ததைத் திரும்பத் தம் மந்தைக்கே கொண்டு வருவார். ஆனால் அவர் தேடியது கறியும் கொழுப்பும். நோய் எதிர்ப்பைப் பற்றி அந்தக் காலத்தில் யார் கண்டார்கள்?

நம் தேசத்திலும் இந்தக் கணக்கு நடந்து வருகிறது. ராஜஸ்தானத்தில் அவிகாநகர் என்று ஓர் இடம். வடமொழியில் 'அவி' என்றால் செம்மறிதான். 1962-ல் அங்கே மத்திய செம்மறி, கம்பள ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. அவர்கள் ஒரே இனத்தில் புழுமுட்டை குறைந்த கிடாக்களைக் கொண்டு ஒரு வம்சமும், மிகுந்த கிடாக்களைக் கொண்டு இன்னொரு வம்சமுமாக வளர்த்துப் பார்த்தார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் தெளிவாகவே தெரிந்தது. நம் சேலம் ஜில்லாப் பொட்டனேரியில் 1978-லிருந்து மேச்சேரி ஆடுகளுக்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே குட்டி விழுந்த அன்றைய எடையிலிருந்து பதிவேட்டில் ஏறிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த கதை மகாராஷ்டிரத்தில் பல்டண் என்ற ஊரில் நிம்ப்கர் ஆராய்ச்சி நிலையத்தார் செய்தது. வங்காளத்துச் சுந்தரவனச் சதுப்பில் காரோல் என்று குள்ளமான செம்மறி உண்டு. கறிக்கடைக்காரர் திரும்பிப் பார்க்க மாட்டார், அத்தனை சிறியது. ஆனால் இரட்டைக் குட்டி அதற்குச் சர்வ சாதாரணம். அதைத் தக்காணி ஆட்டோடு கலந்து பார்த்தார்கள். இரட்டைக் குட்டிக்காக வரவழைத்த அந்தக் குள்ளனின் சந்ததியில், வயிற்றுப் புழுவுக்கு எதிர்ப்பும் மிகுந்திருக்கக் கண்டார்கள். சேற்றிலும் ஈரத்திலும் எத்தனையோ தலைமுறை தப்பிப் பிழைத்த ஆடல்லவா? காரோலின் முன்னோர் 1790-களில் கல்கத்தாவிலிருந்து கப்பலேறி ஆஸ்திரேலியா போய், அங்கே புகழ்பெற்ற ஓர் இனத்துக்கும் இரட்டைக் குட்டி வரத்தைக் கொடுத்தார்கள் என்கிறார்கள். அது வேறு புராணம்.

அக்காவின் பட்டிக்குத் திரும்புவோம். பாய் காத்துக் கொண்டிருக்கிறார்.

அக்கா நோட்டை என் கையிலிருந்து வாங்கிக் கொண்டாள். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் மருந்து கொடுத்த இடங்களில் நான் சிவப்பு மையால் சுழித்திருந்தேன். அது யாருக்கும் புரியும். ஏழாம் பக்கத்தைத் திறந்தாள். சிவப்பே இல்லை. மற்றப் பக்கங்களைத் திருப்பி, சிவப்பு மிகுந்த மூன்று பெட்டைகளையும் ஒரு கிடாக் குட்டியையும் விரலால் காட்டினாள்.

"பாய், இந்த நாலையும் கறிக்கு எடுத்துக்குங்க. ஏழாம் நம்பர் இருக்கட்டும்."

பாய்க்கு வருத்தந்தான். நாலையும் சேர்த்துப் பேசியும், ஏழாம் நம்பரை விற்றிருந்தால் கிடைத்திருக்கக் கூடியதற்கு மேல் கொஞ்சந்தான் கூடிற்று. நாலு ஆடு போய் வந்த பணம் அது என்பதை மறக்கக்கூடாது. நான் ஒரு வார்த்தை மட்டும் பாயிடம் சொன்னேன்: கறிக்கடைக்குத்தான், வேறு பட்டிக்கு வளர்க்க விற்க வேண்டாம் என்று. நம் வீட்டுக் குறையை அடுத்த வீட்டுக்குச் சம்பந்தம் செய்து அனுப்புவானேன்? மருந்து கொடுத்து எத்தனை நாள் ஆயிற்று என்பதையும் நோட்டில் பார்த்துச் சொன்னோம். புழு மருந்து கொடுத்த ஆட்டைக் குறிப்பிட்ட நாள் கழியாமல் அறுக்கக்கூடாது. இந்த விவரம் பட்டணத்தில் கறி வாங்குகிற உங்களுக்குத்தான் உபயோகம்.

அந்த ஆடியில் அக்கா ஒரு காரியம் செய்தாள். நான் சொல்லிச் செய்ததல்ல. பெட்டைகளில் பாதியை ஏழாம் நம்பரிடம் விட்டாள். மீதியைத் திருமலைராயன்பட்டினத்திலிருந்து இரவல் வாங்கி வந்த ஒரு கிடாவிடம் விட்டாள். "எல்லாம் இவன் பிள்ளையா இருந்தா, எதை எதோட ஒப்பிடறது?" என்றாள். பெரிய பெரிய பண்ணைகளில் செய்கிற ஏற்பாட்டை அவள் தானாகவே கண்டுபிடித்துவிட்டாள்! இரவல் கிடாவினால் இன்னொரு நன்மையும் உண்டு. நல்லவன் என்பதற்காக ஏழாம் நம்பரையே வைத்துக் கொண்டிருந்தால், பிறகு அவன் பெண்களுக்கே அவன் மாப்பிள்ளை ஆகிவிடுவான். ஒரே கோத்திரத்தில் சம்பந்தம். குட்டிகள் சோனியாகப் பிறக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் கிடாவை வேறு ஊருக்கு மாற்றிக் கொள்ள வேண்டும்.

இந்த நோட்டினால் எல்லா நோயையும் விரட்டிவிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆட்டுக்கொல்லி என்று ஒரு நோய் இருக்கிறது. நம் தேசத்தில் அதை முதன் முதலில் கண்டறிந்தது 1987-ல், விழுப்புரம் பக்கத்து அரசூரில். காய்ச்சல், வாய்ப்புண், கழிச்சல் என்று பட்டியையே வாரிக் கொண்டு போகும். அதற்கு வம்சம் பார்த்துக் கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது, தடுப்பூசிதான். அந்த அரசூர் கிருமியைப் பலமிழக்கச் செய்தே தமிழ்நாட்டில் தடுப்பு மருந்தும் தயாரித்தார்கள். எங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தடுப்பூசித் தேதிகளும் இருக்கின்றன. வருஷா வருஷம் மழையோடு வருகிற நீலநாக்கு நோய்க்கும் அப்படியே. எது ஊசிக்கு உரியது, எது வம்சத்துக்கு உரியது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஏழாம் நம்பரின் குட்டிகள் 2024 மார்கழியிலும் 2025 தையிலும் பிறந்தன. ஐந்து பெண்கள் தங்கின. இரவல் கிடாவுக்கு நான்கு பெண்கள். 2025-ஆம் வருஷத்து மழைதான் அவர்களுக்கு முதல் பரீட்சை. பதினைந்து நாளுக்கு ஒரு தரம் நானும் அக்காவும் குடை பிடித்துக் கொண்டு இமை பிரித்துப் பார்த்தோம். விடுமுறைக்கு வந்திருந்த பெண், தன் செல்போனில் ஒவ்வொரு கண்ணையும் படம் பிடித்துத் தேதி போட்டு வைத்தாள்.

ஏழாம் நம்பரின் ஐந்து பெண்களில் ஒருத்திக்கு மட்டும் மருந்து கொடுக்கும்படி ஆயிற்று. மற்றவனின் நால்வரில் மூவருக்குக் கொடுத்தோம். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஐந்தும் நாலும் ஒரு கணக்கா, இன்னும் இரண்டு மழையாவது பார்க்க வேண்டாமா என்று நான் சொன்னேன். டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னார். "நீங்க ரெண்டு பேரும் படிச்சவங்க, பயந்துக்கிட்டே இருப்பீங்க" என்று அக்கா சொல்லிவிட்டாள்.

மருந்து கேட்ட அந்த ஒரு பெண் யார் தெரியுமா? அக்காவின் செல்லமான பால்காரி பெற்றவள். ஆகவே அந்தப் பால்காரியின் பக்கத்தை மறுபடியும் எடுத்து வைத்துக் கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறோம். பிள்ளை பெற்ற சலுகையைக் கழித்தாலும் சிவப்புச் சுழி கொஞ்சம் அதிகமாகத்தான் தெரிகிறது. அவளை வைத்துக் கொள்வது, அவள் பெண்களை மட்டும் வம்சத்துக்கு விடாமல் நிறுத்திவிடுவது என்று நான் சொல்லிப் பார்த்தேன். அக்கா இன்னும் பதில் சொல்லவில்லை. ஏழாம் நம்பரை நாகப்பட்டினத்துப் பக்கம் ஒரு பட்டிக்கு இரவல் கேட்டு ஆள் வந்திருக்கிறது. வாடகை வாங்கலாமா என்று அவள் யோசித்துக் கொண்டிருக்கிறாள்.